மவுண்ட் அட்டைக்கு அடியில்

கண்ணாடியும் அட்டையும் நேராக அறுக்கிற கைதான் இது. எழுத்தில் மட்டும் கோணிக்கொள்கிறது. ஐந்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் கோபிக்காமல் படியுங்கள்.

சுனாமியன்று காலையில், கிள்ளையில், எறா வாங்கக் கூடையோடு முகத்துவாரத்துக்குப் போன என் மனைவி திரும்பவில்லை. வீட்டோடு அவள் போட்டோவும் போய்விட்டது. பிறகு சிதம்பரத்தில் உறவுக்காரர் ஒருவரின் ஃபிரேம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சாமி படமும் செத்தவர்கள் போட்டோவும்தான் அதிகம் வரும்.

2008-இல் கடலூரிலிருந்து வயதான ஓவியர் ஒருவர் வாட்டர்கலர் படங்கள் கொண்டுவந்தார். எல்லாம் கிள்ளைக் கழிமுகம். விடிகாலைப் பனி, அசையாத தண்ணீர், பாதி கரைந்த மாதிரி சுரபுன்னை மரங்கள். வெளிச்சம் விழுகிற இடத்தில் வண்ணமே இல்லை; வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருந்தார். நான்கு வருஷமாகக் குளத்தைக்கூட எட்டிப் பார்க்காதவன், அந்தத் தண்ணீரை மட்டும் பயமில்லாமல் பார்த்தேன்.

ஒரு படத்தின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு பெண். இடுப்பில் கூடை. முகம் இல்லை. வலது தோள் சற்று இறங்கியிருந்தது. என் மனைவி அப்படித்தான் நிற்பாள். பின்பக்கம் பென்சிலில் 2004 என்று இருந்தது.

இரண்டு நாள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா மாமா, ஃபிரேம் போடச் சொன்னா பொண்ணு பாத்துக்கினு இருக்கியே?” என்று கடைக்காரர் சிரித்தார்.

ஓவியர் வந்தபோது கேட்டேன். “சார், இது யாரு?”

“அதுவா? பிரஷ்லேருந்து ஒரு சொட்டு சிந்திடுச்சிப்பா. தொடச்சா கறை நிக்கும். அதான் காலு வரைஞ்சி, கூடைய வச்சி ஆளாக்கிட்டேன். அங்க யாரும் இல்ல.” படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். “இப்ப பாத்தா உறுத்துது. மவுண்ட கொஞ்சம் உள்ள தள்ளிப் போடு, மறைஞ்சிடும்.”

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டை. வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“செரி சார்” என்றேன்.

அரை அங்குலம் உள்ளே தள்ளி அறுத்தேன். அட்டையை நகர்த்தியபோது முதலில் கூடை மறைந்தது, பிறகு அந்தத் தோள். ஊரார் வீட்டுச் செத்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி துடைத்துக் கொடுத்தவன், அவளை நானே மூடி ஒட்டினேன்.

படம் விற்றுவிட்டதாம். யார் வீட்டுச் சுவரோ. சொட்டுதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மழை பிடித்தால் தூக்கம் போய்விடுகிறது. ஈரச் சுவரில் மாட்டிய படத்துக்கு அட்டைக்கு அடியிலிருந்துதான் பூஞ்சை பிடிக்கும்.

2012 கார்த்திகை, மழை விடாத ஒரு ஞாயிறு.