அண்ணனுக்கு நான் முகம் மழித்த நாட்கள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மறைந்த அண்ணனின் நினைவுக்காக இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் அனுமந்தன்பட்டியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, இளம் வயதிலேயே ஜீப் ஓட்டப் போனார். கம்பமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்த்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என் வீட்டுக்காரர் இறந்ததும், தயங்காமல் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான்.

எந்த அவசரத்திலும் முகம் மழிக்காமல் வண்டியில் ஏறமாட்டார். கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, கன்னத்தில் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றி நுரை எழுப்புவார். அப்போது கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு அந்தக் கனத்த ரேசர். "டிரைவரண்ணே, பொண்ணு பாக்கவா போறீக?" என்று ஜீப்பில் வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

பக்கவாதத்தில் அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் அடுப்பெரிய, அண்ணி விடியுமுன் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். எனவே ரேசர் என் கைக்கு வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பதால் சின்ன வெட்டுக்கூடப் படக்கூடாது என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். சவர மிஷின் வாங்கலாம் என்றேன்.

"மிஷின் போட்டு வழிக்க நான் என்ன செம்மறியாடா?" என்றார் அண்ணன்.

பயத்தில் ஒரு தப்புச் செய்தேன். பிளேடைக் கழற்றிவிட்டு, வெறும் ரேசரால் நுரையை மட்டும் வழித்து, "முடிஞ்சதுண்ணே" என்றேன். இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்தார். மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏத்தா, பிளேடு வெல கூடிப்போச்சா?"

அழுதுவிட்டேன். "அறுத்துப்புட்டா ரத்தம் நிக்காதுன்னு சொன்னாகளேண்ணே."

"நாள் முச்சூடும் இந்தக் கட்டில்லதான் கெடக்கேன். காலைல அந்தக் கொஞ்ச நேரந்தான் மனுசனா இருக்கேன். அதுலயும் ஏமாத்தாத தாயி."

மறுநாள் பிளேடு போட்டேன். அன்றிலிருந்து இரண்டு வருடம், அந்தக் கட்டிலை விட்டு அவராலும் நகர முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. மார்க்கையன்கோட்டையில் என் மகள் பிள்ளை பெற்றபோதுகூட, பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். சில நாள் அவர்மேல் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒருமுறை தாடைக்குக் கீழே வெட்டிவிட்டேன். துண்டை அழுத்திக்கொண்டு, ரத்தம் நிற்கும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை. அவரோ, "இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு" என்றார்.

நோயில் உதவிய அக்கம்பக்கத்தாருக்கும், தோளில் சுமந்த பங்காளிகளுக்கும், அண்ணிக்குத் துணை நின்ற தோட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்ததும், அண்ணனுக்குக் கடைசி சவரம் செய்யப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தார். கன்னத்திலும் தாடைக்குக் கீழேயும் விரலால் தடவினார். என்ன குறை சொல்வாரோ என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

"எனக்கு இங்கன வேலையில்ல தாயி. ஒரு முடி தட்டுப்படல" என்றார்.