சோம்பேறி என்று பெயர் வாங்கிய ஆஸ்டா

வடக்கே ஒரு பனி நாட்டில், ஓங்கர்மன் ஆற்றங்கரைப் பண்ணையில் பிறந்த ஆஸ்டாவுக்கு ஆறு வயதிலேயே சோம்பேறி என்று பெயர் விழுந்துவிட்டது. புல் உலர்த்தும் நாட்களில் பத்தடி நடப்பதற்குள் நெஞ்சு படபடக்கும், கால் கல்லாய்க் கனக்கும். அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

"மகாராணிக்கு வண்டி கட்டச் சொல்லவா?" என்பாள் அக்கா மைக்கென்.

தம்பி ஹெல்யேவும் அப்படித்தான். பள்ளிக்கு அவர்கள் இருவரும் அரை மணி முன்னதாகவே கிளம்புவார்கள். மேட்டில் மூச்சு வாங்க உட்காரும்போது ஹெல்யே சிரிப்பான். "யாராச்சும் கேட்டா மரம் எண்றோம்னு சொல்லிடுக்கா."

பத்தொன்பது வயதில் கட்டாயப் பட்டாளப் பயிற்சிக்குப் போனான். உட்காரவைத்துப் பார்த்த மருத்துவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. முதுகில் மூட்டையோடு பனியில் முப்பது கிலோமீட்டர். விழுந்தவனை, நடிக்கிறான் என்று எழுப்பி மறுபடி நடக்கவிட்டார்கள். மறுநாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. நான்காம் நாள் இறந்துபோனான். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று காகிதம் வந்தது.

அடக்கத்தன்று கல்லறை மேட்டில் ஆஸ்டா மூன்று முறை உட்கார்ந்தாள்.

"இன்னிக்குமாடி?" என்றாள் மைக்கென். அதற்குப் பிறகு சகோதரிகளுக்குள் பேச்சு குறைந்துபோனது.

தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஆஸ்டாவுக்குக் கிடைத்தது. படியில்லாத வீடாகத் தேடிக் குடிபோனாள். ஐம்பது வயதில் மருத்துவர்கள் அவள் தொடைத் தசையில் பயறளவு வெட்டிப் பார்த்தார்கள். இருக்கக்கூடாத இடத்தில் இரும்பு குவிந்து கிடந்தது. ஏன் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. எழுபதாவது வயதில்தான், அந்தத் தசைத் துண்டை மறுபடி ஆராய்ந்த டாக்டர் ஈடா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா இருக்கில்ல, அங்கதான் இரும்பும் கந்தகமும் சின்னச் சின்னக் கொத்தாச் சேருது. அந்தக் கொத்தப் புரதத்துல பதிச்சாத்தான் உடம்புக்குச் சக்தி கிடைக்கும். கொத்தக் கட்டுறப்போ தாங்கிப் பிடிக்க ஒரு புரதம் வேணும். உங்க மரபணுவுல ஒரு பிழை, அதனால தசையில அது சரியா உருவாகல. இரும்பு வருது, வேலைக்கு ஆகாம தேங்கிடுது."

"அப்ப இது சோம்பேறித்தனம் இல்லியா?"

"இல்லம்மா. உங்களுக்குப் பத்தடி நடக்கிறது, எனக்கு மலை ஏறுற மாதிரி."

மருந்து கிடையாது என்றும் சொன்னாள். ஆஸ்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியைப் பற்றித்தான் கேட்டாள். பிரேதப் பரிசோதனையின்போது எடுத்த தசைத் துண்டு ஒன்று, மெழுகில் பதித்தபடி ஆஸ்பத்திரிக் கிடங்கில் இருந்தது. ஈடா அதைச் சோதனைக்கு அனுப்பினாள். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஹெல்யேவுக்கும் தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்த அதே பிழை.

கடிதத்தோடு, அக்கா இருந்த முதியோர் இல்லத்துக்குப் போனாள். மைக்கென் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"பட்டாளத்துக்குக் கிளம்புற அன்னிக்கு நாந்தான் அவன்கிட்ட சொன்னேன்," என்றாள் கடைசியில். "எங்க மானத்த வாங்காத, விழுந்தாலும் எழுந்து நடன்னு."

மன்னித்தேன் என்று சொல்ல ஆஸ்டாவுக்கு வாய் வரவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. இருவரும் சாயங்காலம்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது மைக்கென் நடக்கத் துணையாக வைத்திருந்த தள்ளுவண்டியைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். ஆஸ்டா நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள். அடுத்த ஞாயிறும் ஆஸ்டா அங்கே போனாள்.