பவானியின் நிறையும் வெள்ளை ட்ரக்கும்

புது ட்ரக்கின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு மணம்... தோலும் ரப்பரும் கலந்த மணம். மொன்றியலுக்கு அடுத்திருக்கும் லவாலில் ஒரு டீலரின் முற்றத்தில், கறுப்பு பிக்கப் ஒன்றில் ஏறி உட்கார்ந்து அதை நெஞ்சு நிறைய இழுத்தேன். பெரிய திரை, சூடேறும் இருக்கை, கூரையில் கண்ணாடி. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நானே ஒரு அடி உயர்ந்துவிட்டேன்.

மொன்றியல் தமிழர்களில் முதன்முதலாக ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லர் வீடு கொளுவி இழுத்தவன் நான்தான். மறுப்பவர்கள் கீழே எழுதலாம். பதில் போடமாட்டேன், அவ்வளவுதான்.

முதலில் வந்தது ட்ரெய்லர். லாசாலில் நான் வேலை செய்த கிடங்கின் முதலாளி, தனக்கு இனி வயது போய்விட்டது என்று தன் பழைய ட்ரெய்லரை எனக்கே தந்துவிட்டார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். கட்டில், அடுப்பு, கதவு, கதவுக்குப் பூட்டு... ஒரு சின்னக் கப்பல்! பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டைவிடப் பெரிது என்று எல்லோரிடமும் சொன்னேன். கிட்டத்தட்ட உண்மை.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காம்பிங் போக ஆசை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனால் மற்றவர்கள் எல்லாம் ஏரிக்கரைக் கதை சொல்ல, எங்களுடையவர்கள் பல்கனிக் கதை சொன்னார்கள். ஆனால் என் மனைவி பவானி அசையவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில், கூடாரத்துக்குள் கிடந்தவள் அவள்.

"சீலைச் சுவருக்குள்ள படுத்தது எனக்குக் காணும். காசு குடுத்து அகதியாப் போற சனத்தை இஞ்சதான் பாக்கிறன்" என்பாள்.

ட்ரெய்லரைக் கொண்டுபோய்க் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தாள். பூட்டைத் திறந்து, பூட்டி, திரும்பவும் திறந்தாள்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை இழுக்கிற வாகனம் பாதையில ஒருக்கா ஆடினாலும் நான் இறங்கி பஸ்ஸில வந்திடுவன். சொல்லிப்போட்டன்."

வருகிறேன் என்று சொல்லவேயில்லை, கவனியுங்கள். அவள் வராவிட்டால் பிள்ளைகளும் இல்லை, ஏரியும் இல்லை. ஆடாத ட்ரக் ஒன்றைத் தேடித்தான் லவாலுக்கு நாலு பேருமாகப் போனோம்.

விற்பனைக்கு நின்ற பொடியன் கியூபெக்காரன். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, "பாரிஸில படிச்சனீங்களோ மெஸ்யூ?" என்று கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதை அவனுக்கு ஏன் சொல்லவேண்டும்?

"இந்தக் கறுப்பு, மலையையே இழுக்கும்" என்றான்.

"இழுக்கிறது கிடக்கட்டும். சுமக்கிறது எவ்வளவு?" என்று கேட்டேன்.

பொடியன் கொஞ்சம் ஆடிப்போனான்! விஷயம் இதுதான்: ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் பின்பக்கத்தில் ஏறி அழுத்தும். அந்தப் பாரத்தோடு உள்ளே இருக்கும் ஆட்களின் நிறையையும் சேர்க்கவேண்டும். கூட்டுத்தொகை ட்ரக்கின் அளவைத் தாண்டினால் பின்பக்கம் இறங்கும், ட்ரெய்லர் வாலாட்டும். இது எனக்குப் பிறவியிலேயே தெரியும்.

பொடியன் கல்குலேட்டரை எடுத்தான். பிள்ளைகளின் நிறையைச் சொன்னேன். பிறகு அவன் சிரித்துக்கொண்டே, "மடாம்?" என்றான்.



பவானி ஆகாயத்தைப் பார்த்தாள். "அம்பத்தைஞ்சு எண்டு சொல்லுங்கோ."

கலியாணத்தன்றே அவள் அம்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். உண்மையான நிறையை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.

மறுத்துச் சொன்னால் மானம் போகும், அவள் வரமாட்டாள். சொல்லாமல் விட்டால் ட்ரெய்லர் ஆடும், அவள் இறங்கிவிடுவாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள்...

"மடாம் அம்பத்தைஞ்சு. நான் நூறு" என்றேன்.

பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்த நாளில் நான் கொடிக்கம்பி மாதிரி இருந்தவன்.

"நூறோ மெஸ்யூ?"

"எலும்பு கனம். பரம்பரை."

அவன் தட்டினான், கூட்டினான், தலையை ஆட்டினான். கறுப்புக்குக் காணாது. அந்தக் கண்ணாடிக் கூரையும் தோல் இருக்கையும்தான் பாதிப் பாரத்தைத் தின்றுவிட்டனவாம். ஓரத்தில் ஒரு வெள்ளை ட்ரக் நின்றது. துணி இருக்கை, வெறும் ரேடியோ, கட்டட வேலைக்காரர் எடுக்கிற வகை. அது தாங்கும் என்றான். மிச்சமும் இருக்கும் என்றான்.

கறுப்பைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டு, வெள்ளையை எடுத்தேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல். பவானி, "என்னப்பா... உங்களுக்கு எங்க நூறு? காத்தடிச்சாப் பறந்திடுவியள்" என்றாள்.

"ஜாக்கெட்டோட சேர்த்துச் சொன்னனான்."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

"ட்ரெய்லருக்கு ரெண்டு தலகாணி புதுசா வாங்கோணும். எனக்குப் பழசில நித்திரை வராது" என்றாள்.

பின் இருக்கையில் பிள்ளைகள் போட்ட கூச்சல் லவால் முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த ஜூலையில் மலைப்பக்க ஏரிக்குப் போனோம். ட்ரக் ஒரு விரற்கடைகூட ஆடவில்லை. பாதையெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள், ஒரு போலீஸ்காரர் கைகூடக் காட்டினார். மறுநாள் காலை பிள்ளைகள் தண்ணீருக்குள் கும்மாளம் அடிக்கிறார்கள், வெயில் ஏறிவிட்டது, பவானி இன்னும் எழும்பவில்லை. வீட்டில் விடியமுன் எழும்பிவிடுகிறவள். நான் தேத்தண்ணி போட்டு மூடி வைத்துவிட்டு, கதவடியில் கதிரை போட்டுக் குந்தியிருந்தேன்.

இப்போது மகன் வாங்கியிருக்கும் ட்ரக் எத்தனை கிலோ ஏறியது என்று தானே திரையில் காட்டுகிறது. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நல்ல வசதிதான், குறை சொல்லமாட்டேன். போன கோடையில் மருமகள் ஏறி உட்கார, திரையில் இலக்கம் ஏறியது. மகன் அதைப் பார்த்துவிட்டு ட்ரக்கை எடுத்தான்.

பாவம் பிள்ளை, அவனுக்குப் பொய் சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது... அதுக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.