கண்ணை மூடினால் லாரி

என் தங்கை, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எதையும் தூக்குவதில்லை. காலி செய்யும் வீட்டின் கூடத்தில் நின்று இரண்டு நிமிடம் கண்ணை மூடுவாள். பிறகு, "முதல்ல பீரோ, அதை ஒட்டி ஃபிரிட்ஜ், இடுக்குல மெத்தை" என்று சொல்லிக்கொண்டே போவாள். கடைசி வாளிவரை லாரிக்குள் அடங்கிவிடும். சுமப்பவர்கள் அவளை 'அடுக்கு' என்று கூப்பிடுகிறார்கள்.

இதை அவள் எங்கும் படிக்கவில்லை. மேலிருந்து கட்டைகள் விழும் ஒரே விளையாட்டைச் சின்ன வயதிலிருந்து கைபேசியில் ஆடுகிறாள். "மூளை களிமண்ணாயிடும்டி" என்று திட்டி, அம்மாவிடம் கோள் சொன்னவள் நான்தான். அப்புறம் ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றி, பத்தொன்பதாயிரம் படங்களோடு திரும்பினேன். கண்ணை மூடினால் ஒன்றும் தெரிவதில்லை. கடல் என்று நினைத்தால் அந்தச் சொல்தான் வருகிறது. கடலைப் பார்க்கக் கைபேசியைத் திறக்க வேண்டும்.

தங்கைக்கு இது ஏழாம் மாதம். அவள் விடுப்பில் போகும்போது அந்த இடத்துக்கு ஆள் தேவை. அந்த வேலை எனக்குக் கிடைக்காவிட்டால் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். முதலாளி சோதனைக்கு ஒரு வீட்டைக் கொடுத்தார். "செஞ்சு காட்டும்மா, பார்ப்போம்."

ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து, அவற்றை விரலால் தள்ளித் தள்ளி வரிசை சொன்னேன். திரையில் பீரோவும் முக்காலியும் ஒரே உயரம். லாரி நிறைந்தபோது சாப்பாட்டு மேசையும் நான்கு நாற்காலிகளும் தெருவில் நின்றன.

"ஏம்மா, பந்தி இங்கயேவா?" என்றார் சுமப்பவர்களில் மூத்தவர்.

கூட வந்திருந்த தங்கை அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். "அண்ணே, சோபாவ மட்டும் இறக்கி, நிமித்தி நிறுத்துங்க. மேசையக் கவுத்துப் போட்டா காலுக்கு நடுவுல நாற்காலி போயிரும்."

போயிற்று. அவளைக் கிள்ளலாம் போலிருந்தது.

"உலகத்தைப் பார்த்தவ நானு. உனக்கு எப்படிடி தெரியுது?"

"சாமான் மட்டுந்தான்கா தெரியும். நீ இல்லாதப்ப உன் முகத்தை நினைச்சுப் பார்ப்பேன், வராது. உன் பச்சைப் பெட்டிதான் வரும். இடது சக்கரம் உடைஞ்சிருக்குமே, அத எந்த மூலையில சாய்க்கலாம்னு யோசனை ஓடும்."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஏழு வருடம் இழுத்த பெட்டி. உடைந்தது எந்தச் சக்கரம் என்று எனக்கு நினைவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். "அடுக்கு தன் வீட்ல இருந்தே போன்ல சொல்லட்டும். நீ அளந்து மட்டும் சொல்லும்மா."

ஆக, வேலை கிடைத்தது: அவளுடைய அளவு நாடாவாக. நேற்று ஒரு வீட்டிலிருந்து, "படம் அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ வேண்டாங்கா, அளவ மட்டும் சொல்லு. படம் வந்தா எனக்கு உள்ள இருக்கறது கலைஞ்சிரும்."

பேருந்தில் அவளுக்குத் தெரியாமல் அந்த விளையாட்டை ஆடுகிறேன். இன்னும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை.