அத்தையின் மஞ்சள் கண்கள்

பட்டினி கிடந்தால் எங்கள் குடும்பத்தில் சிலருக்குக் கண் மஞ்சளாகும். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் வெளுத்துவிடும். பிறவியிலேயே ஈரலில் உள்ள சிறு குறை, யாருக்கும் தொற்றாது, மருந்தும் வேண்டாம் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் எனக்குச் சொன்னது என் நாற்பதாவது வயதில். எல்லைப் போராட்டக் காலத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: மஞ்சப்பித்தம், ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் காமாலை. அதனால் அத்தையின் கண்ணைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. பாறசாலைப் பக்கத்து ஊர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று துண்டு நோட்டீசு கொடுத்ததற்காக அப்பாவைப் போலீஸ் தேடியது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம். தன் அண்ணனான அப்பாவுக்காக அத்தை உபவாசம் இருந்தாள். சனிக்கிழமை அவளைப் பெண் பார்க்கத் திருப்புறத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"வாறவங்க முதல்ல கண்ணைத்தான் பாப்பாங்க. சோறு தின்னு பிள்ள" என்று அம்மா சண்டை போட்டாள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா மச்சில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால். வேலியோரம் பாதி ஊர் கூடிவிட்டது. அத்தை வாசலை மறித்து நின்று, கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"உள்ள வாங்க ஏட்டே. இந்த வீட்டுல எல்லாருக்கும் மஞ்சப்பித்தமாக்கும். தொட்டாலே ஒட்டும். குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?"

"வேண்டா, வேண்டா. நமுக்குப் பின்னே வராம்" என்று, பிறகு வருவதாக மலையாளத்தில் சொல்லிக்கொண்டே ஏட்டு படியிலிருந்து பின்வாங்கினார்.

"எலே, ஏட்டு ஓடுற ஓட்டத்தைப் பாத்தியாலே!" என்றது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

அன்று மதியமே அப்பா தெற்கே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தில் எல்லா இடைவேளையிலும் அதை நடித்துக் காட்டினேன். இமையை இழுத்தது, ஏட்டு பின்வாங்கியது, எதையும் விடவில்லை. திருப்புறத்தில் மாமன் வீடு உள்ள ஒருத்தி இன்னொரு முறை கேட்டாள். அவளுக்குத் தனியாகவே நடித்தேன்.

சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. அடுக்களையில் அம்மா பாத்திரங்களை ஓசையோடு கழுவினாள். அத்தை என்னை அருகே அழைத்தாள்.

"யார்ட்டயெல்லாம் சொன்ன மக்கா?"

"எல்லார்ட்டயும்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"நான் பயப்படல்லன்னு சொன்னியா?"

"அதைத்தான் முதல்ல சொன்னேன்."

அத்தை சிரித்தாள். அவளைப் போல ஒருத்தி இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அதில் திருத்தம் இல்லை.

விருந்தாளிகளுக்குச் செய்திருந்த முந்திரிக்கொத்தில் எனக்கு நான்கு தந்தாள். வழக்கமாக ஒன்றுதான் கிடைக்கும். நன்றாக நடித்ததற்குப் பரிசு என்று எண்ணி நான்கையும் தின்றேன்.