தண்ணீர்க் கட்டத்தில் சைபர்

எண்பதுகளின் பிற்பாதியில், அரியலூருக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் கம்ப்யூட்டர் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அதற்குப் பணிவிடை செய்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். குவாரியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. ஆயுத பூஜைக்கு மேனேஜர் திரையில் சந்தனத்தை அப்பிவிட, அதைத் துடைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அங்கே கல்லுக்கு மேலே இரண்டு பனை உயரத்துக்குக் களிமண். அதை நன்றாகச் சரித்து வெட்டினால்தான் நிற்கும். ஆனால் சரித்து வெட்ட நிறைய மண் அள்ளவேண்டும், கல் வெளியே வர நாளாகும். மேனேஜருக்குப் பொறுக்குமா? சுவர் மாதிரி வெட்டலாம் என்று சொல்ல அவருக்கு ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. பிளாப்பியில் வந்தது. சரிவின் உயரம், சாய்வு, மண்ணின் பலம், மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர், இவற்றைக் கொடுத்தால் ஒரு எண் சொல்லும். ஒன்றுக்கு மேல் என்றால் சரிவு நிற்கும், கீழே என்றால் சரியும்.

சோதனைக்கு மண் எடுத்தது சித்திரையில். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துக் களிமண்ணில் கடப்பாறையே இறங்காது. அதைக் கட்டி கட்டியாகத் திருச்சிக்கு அனுப்பினோம். பிரமாதமான பலம் என்று ரிசல்ட் வந்தது. தண்ணீர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று மேனேஜரைக் கேட்டேன்.

"தண்ணி எங்கய்யா இருக்கு? குடிக்கவே லாரியில வருது. சைபர் போடு."

போட்டேன். டிப்ளமோ படித்த கழுதைக்கு ஐப்பசி என்று ஒரு மாதம் வரும் என்று தெரியாதா? தெரியும். மேனேஜர் முகம் கோணக்கூடாது என்பதும் தெரியும். எண் ஒன்றரை வந்தது. அந்தத் தாளுக்கு அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். களிமண்ணைச் சுவர் மாதிரியே வெட்டி இறக்கினோம்.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்து வெறித்த காலையில், கல் அள்ளும் பெண் ஒருத்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். செந்துறைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாயில் வெற்றிலை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. சரிவின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டிருந்தது. முந்தின சாயங்காலம் அதன் குறுக்கே வெற்றிலைச் சுண்ணாம்பை இழுகி, மழை கரைக்காமலிருக்க மேலே ஓட்டுத் துண்டைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மழைக்காலத்தில் அந்தப் பெண்கள் வழக்கமாகச் செய்வதுதான். மறுநாள் சுண்ணாம்புக் கோடு முழுசாக இருந்தால்தான் குழிக்குள் இறங்குவார்கள்.

"கோடு ரெண்டா பொளந்துருச்சு சார். நாங்க யாரும் கீழ எறங்கலைங்க."

மேனேஜர் சிரித்தார். "மெட்ராஸ்லேருந்து மெசின் எறக்கி வச்சிருக்கேன். இவ வெத்தலச் சுண்ணாம்ப வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்குறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. நிக்குமா, நிக்காதா?"

தண்ணீர்க் கட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். நான் சுவரில் மாட்டியிருந்த தாளைப் பார்த்தேன்.

"ஒண்ணரை சார். நிக்கும்."

மேனேஜரைத் திட்டி நான் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுவேன். அவராவது முட்டாள். நான் தெரிந்தே சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் போயி கீழ நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் போகவில்லை. நாளை முதல் ஒருத்தியும் வரவேண்டாம் என்று மேனேஜர் வாசலில் நின்று கத்தினார். பெண்கள் காது கொடுக்காமல் மேட்டில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அவர்கள் சோற்றுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் சரிவு மொத்தமாக இறங்கியது. குழிக்குள் அவர்கள் தினமும் நிழலுக்கு உட்கார்ந்து சாப்பிடும் இடம் மண்ணுக்கு அடியில் போனது.

மேனேஜர் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தார். "இப்ப தண்ணிய சேத்து ஓட்டிப் பாருய்யா" என்றார். ஓட்டினேன். ஒன்றுக்குக் கீழே வந்தது.

அவள் மறுபடி வந்தாள். கூடைகளெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன, வேறு கூடை வேண்டும். வாசலில் கிடந்த என் செருப்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மெசினு இப்ப என்ன சொல்லுதுங்க?"

"சரிஞ்சுடும்னு சொல்லுது."

"செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வந்து பாருங்க சார்" என்றாள்.