வெல்லக் கட்டியும் வெள்ளைத் தூளும்

நுரையீரலுக்குள் போன உலோகத் தூசை ஒரு வெல்லக் கட்டி கழுவிவிடும் என்று நீங்களும் நம்புகிறீர்களா?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை என்ற ஊரில் மீனவக் குடும்பத்தில் பிறந்த மகேஸ்வரி நான்கு ஆண்டுகள் நம்பினார். தினமும் கடலூருக்கு ரயிலேறிப் போய், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கொட்டகையில் துத்தநாக ஆக்சைடு நானோ தூளைப் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. மூக்குக்கு வெறும் துண்டு. மாலையில் மேற்பார்வையாளர் சபாபதி ஆளுக்கொரு வெல்லக் கட்டி கொடுப்பார். தூசுக்கு மருந்தாம்!

ஞாயிறு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு திங்கள் மாலையும் மகேஸ்வரிக்குக் குளிர்காய்ச்சல். பக்கத்தில் உட்காரும் ராசம்மாளுக்கு இருமல் நிற்கவேயில்லை.

"ஞாயித்துக்கெழம நண்ட அள்ளித் தின்னா காய்ச்சல் வராம என்னா பண்ணும்?" என்பார் சபாபதி.

மகேஸ்வரி ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்து, சிதம்பரத்தில் உயிரியல் படிக்கும் தங்கை வித்யாவிடம் கொடுத்தார். மறுவாரம் வித்யா கல்லூரி ஆய்வக நுண்ணோக்கியில் இரண்டு தட்டுகளைக் காட்டினாள். ஒன்றில் ஆய்வகத்தில் வளர்த்த மனித நுரையீரல் செல்கள் நன்றாகப் பரவியிருந்தன. தூள் கலந்த தட்டில் சுருண்டு கிடந்தன.

"இந்தத் தூளு முடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான், அக்கா. துண்டுல நிக்காது. செல்லுக்குள்ள போய்க் கரைஞ்சு, உள்ளயே அரிக்குது. ஒடம்புலயும் இப்படியே நடக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சும்மா விடற விஷயமில்ல. உன் திங்கக்கெழமக் காய்ச்சலும் நண்டால இருக்காது; ஒரு நாள் லீவுக்கு அப்புறம் மறுபடி தூசு உள்ள போறதாலதான் இருக்கும்."

"வெல்லம் போட்டுப் பாத்தியா?"

"போட்டேனே. இனிப்பா செத்துப் போச்சுங்க."

அக்கா சிரித்தார். அப்புறம் ராசம்மாளின் இருமல் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது.

வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசு போவது நுரையீரலுக்கு. இந்த வித்தியாசம் முதலாளிக்குத் தெரியாதா? தெரியும். வெல்லம் மலிவு.

மறுநாள் மகேஸ்வரி தான் பார்த்ததைக் கொட்டகையில் எல்லோரிடமும் சொன்னார். அன்று மாலை அங்கே வேலை செய்யும் பதினோரு பெண்களும் தங்கள் வெல்லத்தைச் சபாபதியின் மேசையிலேயே திருப்பி வைத்தார்கள்.

"நாளைலேர்ந்து வராத மகேசு."

"நான் மட்டும் இல்ல சார். நல்ல மாஸ்க்கும் தூச இழுக்கற மெஷினும் வர்ற வரைக்கும் அவுங்களும் வரமாட்டாங்க."

கொட்டகை ஒன்பது நாள் பூட்டிக் கிடந்தது. பத்தாம் நாள் இரண்டும் வந்தன. பதினோரு பேரும் திரும்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை மகேஸ்வரிக்குக் காய்ச்சல் இல்லை. ராசம்மாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சிதம்பரத்தில் நுரையீரல் பரிசோதனைக்கும் போய்வருகிறார்.

நீங்கள் கையாளும் தூள் எது, அது உடம்பை என்ன செய்யும்? அதைச் சொல்லும் பாதுகாப்பு விவரத் தாளை முதலாளியிடம் தமிழில் கேளுங்கள். நாளைக்கே கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்; பக்கத்தில் இருமுகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.